பிள்ளை பிறக்கும் வீட்டில் அடுப்பு அணையக்கூடாது

(மும்பையில் நமது சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

வாரத்தில் கிடைப்பது ஒரு நாள் ஓய்வு. அதையும் விட்டுவிட்டு, கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம். ஒரு வீட்டில் பெண் கருவுற்றால் அந்த வீட்டின் வரவு செலவு என்ன ஆகிறது? அரசாங்கமும் முதலாளியும் சட்டப்படி என்ன கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்? அது ஏன் நம் கைக்கு வந்து சேர்வதில்லை? இவைதான் இன்றைய பேச்சு.

முதலில் கணக்கு. ரயில்வே அலுவலகத்தில் பேரேடு எழுதிப் பழகிய கை. கணக்கில்லாமல் நமக்குப் பேச வராது.

ஓர் உதாரணக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவருக்கு மாதம் 16,000 ரூபாய். மனைவி பை தைக்கும் பட்டறையில் தைக்கிறார், அவருக்கு 10,000. (சட்டக்கூலி கிடைக்கிறதா என்பது வேறு கதை, அதை இன்னொரு நாள் பேசுவோம்.) மொத்த வரவு 26,000. வாடகை 7,000. மளிகை, பால், கேஸ் 9,000. பள்ளிக்கூடம், மின்சாரம், ரயில் பாஸ் 4,000. சீட்டு 3,000. ஊரில் இருக்கும் பெற்றோருக்கு 3,000. கூட்டிப் பாருங்கள், சரியாக 26,000. மிச்சம் பூஜ்யம்.

இந்த வீட்டுப் பெண் பிரசவத்துக்கு முன்னே இரண்டு மாதமும் பின்னே நான்கு மாதமும் தையல் மிஷினை விட்டு எழுந்தால் என்ன ஆகும்? ஆறு மாதம், 60,000 ரூபாய் வரவு நின்றுபோகும். அதோடு ஸ்கேன், மருந்து, வளைகாப்பு, ஊர்ப் பயணம் என்று செலவு ஏறும். வரவு இறங்குகிற அதே மாதத்தில் செலவு ஏறுகிறது. இதுதான் நம் வீடுகளில் பிள்ளைப்பேறு.

இந்த ஓட்டையை நாம் எப்படி அடைக்கிறோம்? சிலர் கந்துவட்டிக்காரனிடம் போகிறார்கள். சிலர் ஊருக்கு அனுப்பும் பணத்தை நிறுத்துகிறார்கள். அங்கே இரண்டு முதியவர்கள் ஒருவேளை கஞ்சியோடு படுக்கிறார்கள். சில வீடுகளில் பச்சை உடம்புக்காரி முப்பதாம் நாளே மிஷினில் போய் உட்காருகிறார். இன்னொரு வழியும் இருக்கிறது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு சட்டியில் இருப்பதைச் சாப்பிடுவது நம் பெண்களின் பழக்கம். பணம் குறைந்தால் முதலில் காலியாவது கர்ப்பிணியின் தட்டுதான். பாலும் முட்டையும் கீரையும் எழுதிக்கொடுத்துவிட்டு டாக்டர் போய்விடுகிறார். வாங்கக் காசு?

தோழர்களே, இந்த நிலைக்கு மருந்து இல்லாமல் இல்லை. நூறாண்டுப் போராட்டத்தின் பலனாகச் சட்டம் இருக்கிறது. பம்பாய் மாகாணத்தில்தான் 1929ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, இதே பம்பாய்ச் சட்டமன்றத்தில் அந்த மசோதாவை ஆதரித்து எழுந்து நின்றவர் டாக்டர் அம்பேத்கர். தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன் என்று அவர் வாதாடினார். சென்னை மாகாணம் 1934இல் தன் சட்டத்தை இயற்றியது. நாடு முழுவதற்குமான சட்டம் 1961இல் வந்தது. பன்னிரண்டு வாரமாக இருந்த விடுப்பு, 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தால் இருபத்தாறு வாரமானது. இப்போது அந்தச் சட்டம் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் சேர்க்கப்பட்டு, 2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கிறது. சட்டத்தின் பெயர் மாறினாலும் இருபத்தாறு வாரம் மாறவில்லை. “அந்தச் சட்டம் போய்விட்டது அம்மா” என்று எந்த மேஸ்திரி சொன்னாலும் நம்பாதீர்கள்.

எங்கள் ரயில்வேயில் நிரந்தர வேலையில் உள்ள பெண்ணுக்கு 180 நாள் முழுச் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. ஆண் ஊழியருக்கும் 15 நாள் உண்டு. அதே நகரத்தில் ஒப்பந்தத்தில் துடைப்பம் பிடிக்கிற நம் சகோதரிக்கு என்ன உண்டு? “ஒன்றுமில்லை” என்றுதான் அவரே நினைத்துக்கொண்டிருக்கிறார். அது தவறு. தில்லி மாநகராட்சியில் மஸ்டர் ரோலில் தினக்கூலியாக வேலை செய்த பெண்களின் வழக்கில், அவர்களுக்கும் மகப்பேறு நலன் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டு மார்ச் மாதம் தீர்ப்பளித்தது. மண் சுமந்தவர்கள், ரோடு போட்டவர்கள் வென்ற உரிமை அது.

இனி, எது எது எங்கிருந்து வரும் என்று பிரித்துச் சொல்கிறோம். காகிதம் வைத்திருப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, வேலை செய்யும் இடம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் பட்டறை, கடை, கம்பெனி என்றால், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கு இ.எஸ்.ஐ. உண்டு. தொழிலாளியின் பங்கு சம்பளத்தில் நூற்றுக்கு முக்கால் ரூபாய். முதலாளியின் பங்கு நூற்றுக்கு மூன்றே கால் ரூபாய். சந்தாக் காலம் ஆண்டுக்கு இரண்டு: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை மற்றொன்று. விடுப்புக்கு முந்தைய இரண்டு சந்தாக் காலங்களில் 70 நாளுக்குச் சந்தா கட்டியிருந்தால், 26 வாரத்துக்கு முழுச் சராசரிக் கூலி கிடைக்கும். அதில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் 12 வாரம். கரு கலைந்துபோனால் ஆறு வாரம். அந்தத் துயரத்தில் இருக்கும் பெண்ணுக்கு இதை யாரும் சொல்வதில்லை, நாம் சொல்ல வேண்டும்.

இப்போது நம் உதாரணக் குடும்பத்துக்கு வாருங்கள். பட்டறைக்காரப் பெண்ணின் சம்பளம் 10,000. அவர் பங்கு மாதம் 75 ரூபாய். முதலாளியின் பங்கு 325 ரூபாய். பெயரைப் பதியாமல் விட்டதால் முதலாளி மிச்சம் பிடிப்பது மாதம் 325. பிரசவ காலத்தில் அந்தப் பெண் இழப்பது ஏறத்தாழ 60,000! இதற்குப் பெயர் சிக்கனமா, சுரண்டலா? நீங்களே சொல்லுங்கள். நம்மவர்களிலும் சிலர், “எழுபத்தைந்து ரூபாய் பிடித்தால் கைக்குக் குறையுமே” என்று சொல்லிப் பதிவை வேண்டாமென்கிறார்கள். அது முதலாளியின் கணக்கை நாம் போட்டுக்கொடுப்பதாகும்.

ஒப்பந்தத் தொழிலாளிகளுக்கு ஒரு வார்த்தை. டெண்டர் மாறும்போது காண்டிராக்டர் மாறுவார். ஒவ்வொருவரும் புதிதாக ஒரு இ.எஸ்.ஐ. எண் போட்டால் பழைய சந்தாவும் புதிய சந்தாவும் சேராமல் 70 நாள் கணக்கு உடைந்துபோகும். காண்டிராக்டர் எத்தனை பேர் மாறினாலும் உங்கள் எண் ஒன்றுதான். அதைப் பழைய நோட்டில் எழுதி வைத்து, புதியவர் வந்த அன்றே காட்டுங்கள்.

இ.எஸ்.ஐ. வரம்புக்கு மேல் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு முதலாளியே நேராகக் கொடுக்க வேண்டும். பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். பிரசவத்துக்கு முந்தைய வாரங்களுக்கான தொகையை, கர்ப்பச் சான்று கொடுத்தவுடன் முன்பணமாகத் தர வேண்டும். மீதியை, குழந்தை பிறந்த சான்று கொடுத்த 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும். விடுப்பில் இருக்கும்போது வேலையை விட்டு நிறுத்துவது சட்ட விரோதம். பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் எந்தப் பெண்ணையும் வேலை வாங்கக்கூடாது. விடுப்பு மனுவை எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். வாயால் சொன்னது காற்றோடு போய்விடும்.

இரண்டாவது, நலவாரியங்கள். கட்டட வேலை செய்கிறவர்கள் ஆண்டில் 90 நாள் வேலை செய்திருந்தால் மாநிலக் கட்டடத் தொழிலாளர் வாரியத்தில் பதியலாம். மகாராஷ்டிராவில் வீட்டு வேலை செய்கிறவர்களுக்கு 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு வாரியம் உண்டு. பதிவு செய்தவருக்குத்தான் வாரியத்தின் கதவு திறக்கும். வயிறு தெரிந்த பிறகு ஓடினால் பலனில்லை. வீட்டு வேலைக்குப் போகும் தாய்மார்களுக்கு இன்னொரு பயமும் உண்டு. பத்லியாக விட்டுப்போன பெண்ணே அந்த வீட்டு வேலையைப் பிடித்துக்கொள்வாள் என்பது அது. ஒரே சாலில், ஒரே சந்தில் இருக்கும் பெண்கள் கூடிப் பேசி, “பிரசவம் முடிந்து வந்தால் வேலை அவளுக்கே” என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்ளுங்கள். இதற்கு எந்தச் சட்டமும் வேண்டாம். ஒற்றுமை போதும்.

மூன்றாவது, அரசின் உதவித்தொகை. 2017இல் தொடங்கிய பிரதான் மந்திரி மாத்ரு வந்தனா யோஜனாவில் முதல் குழந்தைக்கு 5,000 ரூபாய் இரண்டு தவணையாக வரும். கர்ப்பத்தைப் பதிந்து ஒரு பரிசோதனையாவது செய்துகொண்டால் 3,000. குழந்தையின் பிறப்பைப் பதிந்து, முதல் சுற்றுத் தடுப்பூசிகள் முடிந்தால் 2,000. இரண்டாவது குழந்தை பெண்ணானால் 6,000 ஒரே தவணையில். பணம் தாயின் சொந்தப் பெயரில், ஆதார் இணைத்த வங்கிக் கணக்கில்தான் விழும். கணவர் கணக்கில் விழாது. ரேஷன் அட்டையில் சிக்கல் இருப்பவர்கள் இ-ஷ்ரம் அட்டையைக் காட்டியும் விண்ணப்பிக்கலாம். கணவரால் கைவிடப்பட்ட சகோதரிகளும் தயங்க வேண்டாம். கணவரின் ஆதார் இப்போது கட்டாயமில்லை. இதுதவிர, 2005 முதல் உள்ள ஜனனி சுரக்‌ஷா யோஜனாவில், அரசு மருத்துவமனையில் பிரசவமாகும் ஏழைப் பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடிப் பெண்களுக்கும் இங்கேயும் தமிழ்நாட்டிலும் நகரத்தில் 600, கிராமத்தில் 700 ரூபாய் தருகிறார்கள்.

தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் உள்ள திட்டம் இதைவிடப் பெரிது. 2018 முதல் அதன் மதிப்பு 18,000 ரூபாய்: 14,000 பணம், 4,000 ரூபாய்க்குச் சத்துணவுப் பெட்டகம். ஏழைக் குடும்பத்தில் 19 வயது நிறைந்த தாய்க்கு, அரசு மருத்துவமனையில் ஆகும் முதல் இரண்டு பிரசவங்களுக்கு உண்டு. மத்திய அரசின் பணமும் அந்த 18,000க்குள்ளேயே அடங்கும்.

இங்கேதான், தாய்மார்களே, நம்மைப் போன்ற புலம்பெயர்ந்த குடும்பங்கள் அடிபடுகிற இடம் வருகிறது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் பெண் திருநெல்வேலிக்கோ சேலத்துக்கோ ரயில் ஏறிவிடுகிறார். அதுவரை இங்கே எந்த மருத்துவமனையிலும் பெயரைப் பதிவதில்லை. “ஊரில்தானே பிரசவம்” என்கிறார்கள். ஊருக்குப் போனால் கிராம நர்ஸ் கேட்கிறார்: “இத்தனை மாதம் எங்கே பதிந்தீர்கள்? அட்டை எங்கே?” ஆரம்பப் பதிவுக்கான தவணை அங்கே போயிற்று. மூன்றாம் மாதக் குழந்தையோடு மும்பை திரும்பினால் இங்குள்ள அங்கன்வாடி ஊழியர், “பிறந்தது அங்கே, எங்கள் பதிவேட்டில் நீங்கள் இல்லையே” என்கிறார். இரண்டு முகவரி உள்ளவர்களுக்கு இரண்டு இடத்திலும் கிடைக்க வேண்டாம், ஓரிடத்திலாவது கிடைக்க வேண்டாமா? இரண்டிலும் கை நழுவுகிறது.

ஆகவே ஒன்றை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். சம்பளத்துக்குரிய பணம் வேலை செய்த இடத்தில் கிடைக்கும். அரசின் உதவித்தொகை பெயர் பதிந்த இடத்தில் கிடைக்கும். பிறப்புச் சான்று பிள்ளை பிறந்த இடத்தில் கிடைக்கும். இந்த மூன்றும் மூன்று ஊராகலாம். அதனால் பிரசவம் எங்கே என்ற முடிவை மூன்றாம் மாதத்துக்குள் எடுங்கள். ஊரில்தான் என்றால் மூன்றாம் மாதத்திலேயே ஊர் நர்ஸிடம் பதியுங்கள். இங்கேதான் என்றால் பக்கத்து மாநகராட்சி மருத்துவமனையில் பதியுங்கள். எங்கே பதிந்தாலும் தாய் சேய் அட்டையைக் கையோடு வைத்திருங்கள். அதில் ஏறிய ஊசியும் பரிசோதனையும் எந்த ஊரிலும் செல்லும். குழந்தை பிறந்த 21 நாளுக்குள் பிறப்பைப் பதிந்து, சான்றிதழை வாங்கிய பிறகே ரயில் ஏறுங்கள். 2023ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கைக்கும் ஆதாருக்கும் அந்தச் சான்றுதான் ஆதாரம். அதற்காக மறுபடி ஒருமுறை ஊருக்கு ஓடுவது ஒரு மாதச் சம்பளத்தைத் தின்றுவிடும்.

கணவருக்கு இ.எஸ்.ஐ. இருந்து, மனைவிக்கு இ.எஸ்.ஐ. மருத்துவ வசதி இல்லாத ஊரில் பிரசவமானால், 7,500 ரூபாய் பிரசவச் செலவு கேட்டு விண்ணப்பிக்கலாம். இதுவும் பலருக்குத் தெரியாது.

பயணத்தைப் பற்றி, ரயில்வேக்காரர்கள் என்ற முறையில் ஒன்று. கர்ப்பிணிகளுக்குக் கீழ் பெர்த்தில் தனி ஒதுக்கீடு உண்டு. டாக்டர் சான்றோடு முன்பதிவு கவுண்டருக்கு வாருங்கள். ஏறிய பிறகு எதிர்சீட்டுக்காரரிடம் கெஞ்ச வேண்டியதில்லை. ரேஷனிலும் ஒன்று. ஒரே நாடு ஒரே ரேஷன் ஏற்பாட்டில், தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் அட்டையின் பங்கை, மனைவி இருக்கும் ஊரில் ஒரு பகுதியும் கணவர் இருக்கும் ஊரில் மறுபகுதியுமாக வாங்கலாம்.

இனி வீட்டுக் கணக்கு. அரசுப் பணம் வரும், ஆனால் தாமதமாக வரும். அதை நம்பி இந்த மாத வாடகையை ஒத்திப்போட முடியாது. அதனால் கரு உறுதியான மாதமே கணவனும் மனைவியும் உட்கார்ந்து ஆறு மாதக் கணக்கை எழுதுங்கள். சீட்டு கட்டுகிறவர்கள் நடுவில் நிறுத்தாதீர்கள். ஏழாம் அல்லது எட்டாம் மாதத்தில் எடுக்கும்படி முன்கூட்டியே பேசி வையுங்கள். ஊருக்கு அனுப்பும் பணத்தை நிறுத்தாமல், பெரியவர்களிடம் சொல்லிக் குறைத்துக்கொள்ளுங்கள். நகை இருந்தால் வங்கியில் அடகு வையுங்கள், தனியாரிடம் ஏ.டி.எம். கார்டையும் ரேஷன் அட்டையையும் அடகு வைக்காதீர்கள். உதவித்தொகை விழுகிற கார்டே அவன் பெட்டியில் இருந்தால் அந்தப் பணம் யாருக்கு? வளைகாப்புக்கு மேடையும் வீடியோவும் வேண்டாம். அந்தக் காசு பெண்ணின் பாலுக்கும் பழத்துக்கும் ஆகட்டும். தோழர்களே, மாலை நேரச் செலவு ஒன்று நம்மிடம் இருக்கிறதே, அதையும் இந்தக் கணக்கில் எழுதுங்கள். எழுதிப் பார்த்தால்தான் தெரியும். எந்தச் செலவை வெட்டினாலும், வயிற்றுப் பிள்ளைக்காரியின் சாப்பாட்டுச் செலவை வெட்டாதீர்கள். அங்கன்வாடியில் கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் தரும் சத்துணவு பிச்சையல்ல; உணவுச் சட்டம் தந்த உரிமை. கூச்சப்படாமல் வாங்குங்கள்.

கடைசியாக, இது வீட்டுச் சிக்கனத்தால் மட்டும் தீருகிற விஷயமல்ல. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், அரசு ஊழியர்களும் வேறு சட்டத்தில் இதே நலன் பெறுபவர்களும் தவிர, ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் 6,000 ரூபாய்க்குக் குறையாமல் என்று சொன்னது. திட்டம் வந்தபோது அது முதல் குழந்தைக்கு 5,000 என்று சுருங்கியது. இரண்டாவது பெண்ணானால் உண்டு, ஆணானால் இல்லை என்றார்கள். பெண்ணைப் பெற்ற தாய்க்கும் ஆணைப் பெற்ற தாய்க்கும் பசி வேறா? 2013இல் எழுதிய ஆறாயிரம் இன்றும் ஆறாயிரமாகவே நிற்கிறது. மளிகைக் கடை விலை அப்படி நிற்கிறதா?

ஆகவே நமது கோரிக்கைகள் மூன்று. சட்டம் சொன்னபடி ஒவ்வொரு தாய்க்கும், ஒவ்வொரு பிரசவத்துக்கும் தொகை தரப்பட வேண்டும். அது விலைவாசிக்கேற்ப உயர்த்தப்பட வேண்டும். பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யும் ஒவ்வொரு பட்டறையும் இ.எஸ்.ஐ.யில் பதிய வேண்டும். ஒப்பந்தக்காரர் கட்டாத சந்தாவுக்கு முதன்மை முதலாளியைப் பொறுப்பாக்க வேண்டும். ஒரு மாநிலத்தில் பதிந்த கர்ப்பிணியை அடுத்த மாநிலம் திருப்பி அனுப்பாமல், அதே அட்டையில் தவணையைத் தொடர வேண்டும். இந்தக் கோரிக்கைகளோடு கையெழுத்து வாங்க நம் தோழர்கள் உங்கள் சந்துக்கு வருவார்கள். பட்டறையில் வேலை செய்கிறவர்கள் தங்கள் இடத்தில் எத்தனை பேர், எத்தனை பேருக்கு இ.எஸ்.ஐ. எண் என்று அவர்களிடம் சொல்லுங்கள். ஒருத்தி தனியாகக் கேட்டால் நாளைக்கு அவளுக்கு வேலை இல்லை. பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் முதலாளி படிவத்தைத் தேடுவார்.

ஞாயிறு காலை சங்க அலுவலகத்தில் படிவம் எழுத ஆள் இருக்கும். ஆதார், பாஸ்புக், தாய் சேய் அட்டை, வேலை செய்யும் இடத்தின் ஏதாவது ஒரு சீட்டு, இவற்றோடு வாருங்கள். மூன்றாம் மாதத்திலேயே வாருங்கள். கணவன்மார்களும் கூட வாருங்கள், பிள்ளை இருவருக்கும்தான்.